படம் வரைந்து காட்டச் சொல்லாத கல்லூரி

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அனிமேஷன் படிக்க வேண்டும் என்கிறாள். அமெரிக்காவில் ஒரு டிசைன் கல்லூரியில் உடனே இடம் வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார், இந்த வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டுமாம். விசாரித்தால் அது லாப நோக்கில் நடக்கும் கல்லூரி என்கிறார்கள். அப்படியென்றால் என்ன? சேர்க்கலாமா?

பதில்:

முதலில் நான் ஒன்று கேட்கிறேன் சார். உங்கள் மகள் வரைந்த படம் ஒன்றையாவது அந்தக் கல்லூரி இதுவரை கேட்டிருக்கிறதா?

மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், விண்ணப்பக் கட்டணம் எல்லாம் கேட்டிருப்பார்கள். ஸ்கெட்ச் புக்கைக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால், லாப நோக்கமா இல்லையா என்பதைவிட அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பதினைந்து வருடமாக அனிமேஷன், விளம்பர வேலைகளில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது ரீல் பார்க்கும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். ரீல் என்றால் ஒன்றரை நிமிட வீடியோ, செய்த வேலைகளின் தொகுப்பு. முதல் இருபது வினாடியில் முடிவு தெரிந்துவிடும். எந்தக் கல்லூரி, என்ன பட்டம் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆக, உள்ளே போகும்போது கேட்காத படத்தை வெளியே வந்ததும் ஊரே கேட்கிறது. இடையில் நான்கு வருடமும் பெரும் கடனும் போயிருக்கும்.

சரி, லாப நோக்கக் கல்லூரி என்றால் என்ன? நம் ஊரில் சட்டப்படி அப்படி ஒன்று கிடையாது. கல்லூரியைப் பெரும்பாலும் டிரஸ்டோ சொசைட்டியோதான் நடத்தும், 2002-இல் டி.எம்.ஏ. பை வழக்கில் உச்ச நீதிமன்றமும் நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபம் கூடாது என்றுதான் சொன்னது. நடைமுறை எப்படி என்று கேபிடேஷன் ஃபீஸ் கட்டிய ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் அந்த மறைப்பே தேவையில்லை. கல்லூரி ஒரு கம்பெனி. முதலாளி உண்டு, சில கல்லூரிகளுக்குப் பங்குச் சந்தையில் ஷேரே இருந்தது. மிஞ்சுவது முதலாளிக்கும் பங்குதாரருக்கும் போகும்.

இதில் மட்டும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டலும் லாபத்துக்குத்தான் நடக்கிறது, இட்லி நன்றாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். வித்தியாசம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. இந்தக் கல்லூரிகளில் அமெரிக்க மாணவர் கட்டும் ஃபீஸில் பெரும்பகுதி மத்திய அரசு தரும் கல்விக் கடனும் உதவித்தொகையும். அந்தப் பணத்தை அரசு நேராகக் கல்லூரிக்கே கொடுத்துவிடும், கடனை மாணவர் பல வருடம் அரசுக்குத் திருப்பிக் கட்டுவார். மாணவருக்கு வேலை கிடைத்ததா, கடனைக் கட்ட முடிந்ததா என்பதெல்லாம் பெரும்பாலும் கல்லூரியின் கல்லாவைத் தொடாது. இந்தக் கல்லூரிகளுக்கென்றே 90/10 என்று ஒரு விதி உண்டு: வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அரசின் மாணவர் உதவிப் பணமாக இருக்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள், 90 வரை போகலாம்! மீதி 10-லும் ஓட்டை இருந்தது. ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கு அரசு தரும் படிப்புப் பணம் அந்த 90-க்குள் சேராது என்று வைத்திருந்தார்கள். அதனால் முன்னாள் ராணுவ வீரர்களைத் துரத்தித் துரத்திப் பிடித்தார்கள். அந்த ஓட்டையை 2021-இல் சட்டம் போட்டு அடைத்தார்கள், 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பணம் சேர்க்கையில் வருகிறது என்றால் கல்லூரியின் முழுத் திறமையும் சேர்க்கையில்தான் இறங்கும். அமெரிக்க செனட் குழு 2012-இல் இப்படிப்பட்ட 30 கம்பெனிகளின் கணக்கைப் பிரித்துப் போட்டது. வருமானத்தில் 22.7 சதவீதம் விளம்பரத்துக்கும் ஆள் சேர்க்கவும், 19.4 சதவீதம் லாபம், பாடம் நடத்த 17.2 சதவீதம். ஆள் சேர்க்க 35,202 பேர் இருந்தார்கள். படித்து முடித்தவர்களுக்கு வேலை தேட உதவ 3,512 பேர்.

கலைக் கல்லூரியில் இந்தக் கதையின் உச்சம் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்ஸ். உங்களுக்குப் பதில் சொல்ல இந்த ஒன்றே போதும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிட்ஸ்பர்க்கில் 1921-இல் தொடங்கிய, ஊருக்குள் நல்ல பெயர் வாங்கிய பள்ளி அது. விளம்பரப் படம், பத்திரிகைப் படம் வரையக் கற்றுத் தரும் இடம். 1970-இல் எஜுகேஷன் மேனேஜ்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி அதை வாங்கியது. பிறகு ஊர் ஊராகக் கிளை. ஒரு கட்டத்தில் நாடு முழுக்க ஐம்பது வளாகம் வரை இருந்தன. 2006-இல் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி உள்ளிட்ட முதலீட்டாளர்கள் சுமார் 340 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியையே வாங்கினார்கள். அவ்வளவு பணம் போட்டவர் சும்மா இருப்பாரா? அடுத்த சில வருடங்களில் அந்தக் கம்பெனியின் எல்லாக் கல்லூரிகளிலும் சேர்த்து ஒன்றரை லட்சம் மாணவர்களுக்கு மேல் ஆகிவிட்டார்கள்.

இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள்? சேர்த்துவிடும் ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பதை அமெரிக்கச் சட்டம் 1992-லேயே தடை செய்திருந்தது. இந்தக் கம்பெனி அதைத்தான் செய்தது என்று உள்ளே வேலை பார்த்தவர்களே வழக்குப் போட, 2011-இல் அமெரிக்க நீதித்துறையும் அதில் சேர்ந்துகொண்டது. 2003-இலிருந்து அரசிடமிருந்து வாங்கிய 1,100 கோடி டாலருக்கும் மேற்பட்ட பணம் முறைகேடாகப் பெற்றது என்பது குற்றச்சாட்டு. 2015-இல் 9.55 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள், தவறை ஒப்புக்கொள்ளாமலே. மாநில அரசுகளுடன் தனியாக ஒரு சமரசம். அதில் 80,000-க்கும் மேற்பட்ட பழைய மாணவர்கள் கம்பெனிக்கு நேரடியாகத் தர வேண்டியிருந்த சுமார் 10.28 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தார்கள்.

வேலை வாய்ப்புக் கணக்குதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். படித்து முடித்த ஆறு மாதத்தில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அவரவர் துறையில் வேலை என்று விளம்பரம் செய்தார்கள். கல்வித் துறை பின்னால் ஆவணங்களைப் பார்த்தபோது உண்மை நிலவரம் 57 சதவீத அளவில்தான் இருந்தது. சராசரிச் சம்பளம் என்று ஃப்ளோரிடாவில் ஒரு வளாகம் காட்டிய கணக்கில் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸின் வருமானத்தையும் சேர்த்திருந்தார்கள். அவர் அங்கே ஃபேஷன் படித்தவர், அது உண்மை. அவர் வருமானம் எதிலிருந்து வந்தது என்பது உலகத்துக்கே தெரியும். ஒரு வகுப்பில் இருபது பேர் மாதம் பத்தாயிரம் வாங்கி, இருபத்தொன்றாவது ஆளாக ரஜினிகாந்தைச் சேர்த்துச் சராசரி போட்டால் எப்படி இருக்கும், அந்தக் கணக்கு.

கடைசிக் காலம் இன்னும் மோசம். 2017-இல் கல்லூரிகளை லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ட்ரீம் சென்டர் என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்புக்கு விற்றார்கள். ஆக, ஒரே நாளில் லாப நோக்கமற்ற கல்லூரி! இவ்வளவு பெரிய கல்லூரிக் கூட்டத்தை நடத்திப் பழக்கமில்லாத அமைப்பு அது. 2018 ஜனவரியில் இல்லினாய், கொலராடோ வளாகங்கள் அங்கீகாரத்தை இழந்தன. மாணவர்களுக்கு விஷயம் தெரிந்தது ஜூன் வாக்கில். அந்த இடைப்பட்ட மாதங்களில் ஃபீஸ் கட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த வருடக் கடைசியில் வரிசையாகப் பல வளாகங்களை மூடினார்கள். பிட்ஸ்பர்க் தாய்ப்பள்ளி 2019 மார்ச்சில் போனது, நூறு வருடத்துக்கு இரண்டு வருடம் குறைவு. மிஞ்சிய எட்டு வளாகங்கள் வேறு ஓர் அமைப்பின் கையில் ஓடி, 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி ஒட்டுமொத்தமாக மூடப்பட்டன. அறிவிப்பு வந்தது ஒரு வாரம் முன்பு. அடுத்த மே மாதம், 2004 முதல் 2017 அக்டோபர் வரை அங்கே படித்த சுமார் 3,17,000 பேரின் 610 கோடி டாலர் கடனை அமெரிக்க அரசு ரத்து செய்தது.

இதைப் படித்துவிட்டு அங்கே பாடமே நடக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அது அநியாயம். இந்த மாதிரிக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுத்த சிலருடன் நான் வேலை பார்த்திருக்கிறேன். பகலில் ஸ்டூடியோவில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஓடிய நல்ல கைகாரர்கள். அவர்கள் புலம்பல் வேறு. வகுப்பில் இருபத்தைந்து பேர், அதில் நான்கு பேர் ஏற்கெனவே நன்றாக வரைவார்கள், பத்துப் பேருக்குப் பென்சில் பிடிக்கவே பழக்கம் இல்லை. யாரையும் ஃபெயில் ஆக்கினால் மேலிருந்து கேள்வி வரும், ஏனென்றால் ஒருவர் நின்றுவிட்டால் அடுத்த டெர்ம் பணம் வராது. அப்புறம் என்ன செய்வார்? எல்லோரும் முடிக்கும்படியான அசைன்மென்ட்டாகக் கொடுப்பார்.

அதன் விளைவை நான் மேஜையில் பார்த்தேன். ஒரு தடவை ஜூனியர் மாடலர், அதாவது கம்ப்யூட்டரில் உருவங்களைச் செய்பவர், வேலைக்கு வந்த ரீல்களில் ஒரே கல்லூரியிலிருந்து ஐந்து. பெயரை விடுங்கள். ஐந்திலும் ஒரே ரோபோ. கால் முட்டியில் அதே மூன்று திருகு, மார்பில் அதே துருக்கறை, நடந்து வந்து இடது பக்கம் தலை திருப்பி நிற்கிறது. ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு, அவ்வளவுதான் வித்தியாசம். படிப்படியாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஐந்து பேரும் ஒழுங்காக முடித்திருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் ஏ கிரேடுகூடக் கிடைத்திருக்கும். ஒருவரையும் கூப்பிட முடியவில்லை. நீல ரோபோ அனுப்பிய பெண்ணின் மெயிலில் கடைசி வரியில், சம்பளம் எவ்வளவானாலும் சரி, கடன் தவணை ஆரம்பித்துவிட்டது என்று இருந்தது. ரீலை மறந்துவிட்டேன், அந்த வரியை மறக்கவில்லை.

யாரையும் சேர்த்துக்கொள்வது என்பதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். பள்ளியில் டிராயிங் மாஸ்டரே இல்லாத பிள்ளை எப்படிப் போர்ட்ஃபோலியோ, அதாவது வரைந்த படங்களின் தொகுப்பு, காட்டும், அவனுக்கும் வாய்ப்பு வேண்டாமா என்று. சான் பிரான்சிஸ்கோவில் 1929-இல் தொடங்கி ஒரே குடும்பத்தின் கையில் வளர்ந்த அகாடமி ஆஃப் ஆர்ட் பல்கலைக்கழகம் இந்தக் கொள்கையில்தான் நடக்கிறது. (அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு காலத்தில் நகரில் சுமார் 40 கட்டடங்கள் இருந்தன. வீடுகளையும் ஓட்டல்களையும் அனுமதியில்லாமல் கல்லூரியாகவும் விடுதியாகவும் மாற்றியதாக நகராட்சி 2016-இல் வழக்குப் போட்டு, சுமார் 6 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. கல்லூரியா ரியல் எஸ்டேட்டா என்று ஊரில் கிண்டல் செய்வார்கள்.) வாதம் எனக்கும் புரிகிறது. அங்கிருந்து வந்த நல்ல கலைஞர்களும் உண்டு. ஆனால் வாய்ப்பு தருவது என்றால் முதல் வருடத்தைக் குறைந்த செலவில் கொடுத்து, இது உனக்கு வருமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முழு ஃபீஸை வாங்கிக்கொண்டு, தெரிந்துகொள்ளும் பொறுப்பை மாணவர் தலையில் போடுவதை வாய்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே வாய்ப்பை இங்கே கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் சில ஆயிரம் டாலருக்குள் உள்ளூர்ப் பிள்ளைகள் பெற்றுக்கொள்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் நீண்ட காலம் லாப நோக்கக் கல்லூரியாகத்தான் நடந்தது. 1947-இல் காமிக்ஸ் வரையக் கற்றுத்தரும் பள்ளியாக ஆரம்பித்தது. ஃபீஸ் அதிகம்தான், ஆனால் துறையில் மரியாதை உண்டு, சேரப் படம் காட்ட வேண்டும். லாப நோக்கமற்றது என்றால் பத்திரம் என்றும் இல்லை. 1871-இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் 2022-இல் வகுப்புகளை நிறுத்தியது. பெயர் மட்டும்தான் ஒத்துப்போகிறது, மேலே சொன்ன கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிலடெல்பியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் 2024 மே 31-ஆம் தேதி அறிவித்து ஜூன் 7-ஆம் தேதி மூடியது. அதனால்தான் ஆரம்பத்திலேயே லாபமா இல்லையா என்பதைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் என்றேன்.

இனி உங்கள் விஷயம். வெளிநாட்டு மாணவருக்கு இதில் மூன்று சிக்கல் கூடுதல்.

தலைக்குக் கமிஷன் கூடாது என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சட்டத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: அமெரிக்க அரசின் உதவி பெற முடியாத, வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களைச் சேர்ப்பதற்கு அந்தத் தடை பொருந்தாது. உங்கள் ஏஜென்ட் உங்கள் மகளைச் சேர்த்துவிட்டு ஃபீஸில் ஒரு பங்கு வாங்கினால் அது முழுக்கச் சட்டபூர்வம். அவர் உங்களிடம் சேவைக் கட்டணம் வாங்கவில்லை என்றால் வேறு எங்கோ வாங்குகிறார்.

அடுத்தது கடன். 610 கோடி டாலர் ரத்து என்றேனே, அது அமெரிக்க அரசு கொடுத்த கடன். நீங்கள் வீட்டுப் பத்திரத்தை வைத்து நம் ஊர் பேங்க்கில் வாங்கும் கடனை, கல்லூரி நாளைக்கே இழுத்து மூடினாலும் யாரும் ரத்து செய்ய மாட்டார்கள்.

விசாவும் அப்படித்தான். கல்லூரி மூடிவிட்டால் உள்ளூர் மாணவர் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் யோசிக்கலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் குறுகிய காலத்துக்குள் வேறு கல்லூரிக்கு மாற வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். ஏற்கெனவே படித்த கிரெடிட்களைப் புதிய கல்லூரி ஏற்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

என் அக்கா மகனும் இதே வாசலுக்குப் போய் வந்தவன்தான். டெக்சஸில் பள்ளி முடித்த வருடம் ராத்திரி பதினொரு மணிக்கு ஏதோ ஒரு கல்லூரி வலைத்தளத்தில் பெயரையும் போன் நம்பரையும் போட்டிருக்கிறான். மறுநாள் காலை எட்டரைக்குப் போன். பிடித்த கேம் எது, அம்மாவுக்கு உன் கனவு புரிகிறதா என்று அரை மணி நேரம் பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் சீட் உறுதி, இல்லையென்றால் சொல்ல முடியாது என்று முடித்தார்களாம். யாரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியில் சீட் எப்படி சார் தீரும்? அக்கா பயந்துபோய் என்னையும் கூட்டிக்கொண்டு கல்லூரியைப் பார்க்கப் போனாள். வரவேற்பறையில் சுவர் உயரத்துக்குப் படங்கள், வரிசையாகப் புதுக் கம்ப்யூட்டர்கள். இரண்டாம் வருட வகுப்பில் க்ரிட் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். க்ரிட் என்றால் எல்லோர் வேலையையும் சுவரில் மாட்டி, ஆசிரியரும் மாணவர்களும் நின்று குறை நிறை பேசுவது. அதில் பத்து நிமிடம் நின்றால் போதும், கல்லூரியின் தரம் தெரிந்துவிடும். அதற்கு அனுமதி இல்லை, வேண்டுமானால் இன்னொரு முறை கஃபேவைப் பாருங்கள் என்றார் கூட வந்தவர். பையன் அங்கே சேரவில்லை.

சேர்க்கலாமா என்று கேட்டால், நீங்கள் சொன்ன இந்த நிலையில் வேண்டாம் என்பேன். அந்தக் கல்லூரியின் பெயரை அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு வலைத்தளத்தில் போட்டுப் பாருங்கள். எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள், முடித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடன் என்று இலவசமாகக் காட்டும். ஏஜென்ட்டிடம் போனில் பேசாமல் மெயிலில் கேளுங்கள்: இந்தக் கல்லூரி உங்களுக்கு எவ்வளவு தருகிறது, போன வருடம் நீங்கள் சேர்த்த அனிமேஷன் மாணவர் இருவரின் ரீல் அனுப்ப முடியுமா என்று. சுவரில் மாட்டிய சிறந்த மாணவரின் ரீல் வேண்டாம், சுமாரான மாணவரின் ரீல்.

இதற்கிடையில் உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஒரு சாதாரண நோட்டு வாங்கிக்கொள்ளட்டும். மூன்று மாதம், தினமும் ஒரு பக்கம், நேரில் பார்த்து வரைய வேண்டும். பஸ் ஸ்டாண்டில் தூங்கும் ஆள், அம்மா தேங்காய் துருவும் கை, மாடிப்படி, பிளாஸ்டிக் நாற்காலி, எதுவானாலும் சரி. விஜய் போட்டோவைப் பார்த்துப் பென்சிலில் அச்சு அசலாக வரைந்தது, ஜப்பான் அனிமே பார்த்து வரைந்தது இரண்டும் வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் அனுப்புகிறார்கள். அதிலிருந்து பதினைந்து பக்கம் தேறினால், அகமதாபாத் என்.ஐ.டி. (தேசிய டிசைன் கல்வி நிறுவனம்) தேர்வுக்கும் உதவும், அமெரிக்காவில் படம் கேட்கும் எந்தக் கல்லூரிக்கும் அனுப்பலாம், நல்ல இடத்தில் ஸ்காலர்ஷிப் பேசவும் அதுவே கையிருப்பு. தேறவில்லை என்றால் அது வெறும் நோட்டு காசோடு தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது போகட்டும். அடுத்த பேட்ச்சுக்கு அந்த ஏஜென்ட்டே கூப்பிடுவார்.